கிடங்குப் பத்திரத்தின் நிறம்

அக்காவுக்கு வீடு கிடைத்துவிட்டது. தரைத்தளம், இரண்டு அறை, படுக்கையறையில் தரைவரை இறங்கும் ஜன்னல். விலை பேசி முடித்தாயிற்று. மாதக் கடைசியில் மொத்தப் பணத்தையும் கொடுத்தால் சாவி கையில்.

“ஃபண்டுல இருக்கிறதை எப்ப எடுக்கணும்?” என்று தம்பியிடம் கேட்டாள்.

“முந்தின நாள் கேட்டாப் போதும். ஒரே நாள்ல வந்துடும்.”

“நிச்சயமா வருமா?”

“அது நிச்சயமான்னு பார்க்கிறதுக்குத்தான்க்கா எனக்குச் சம்பளம்.”

“அப்ப உன் சம்பளத்தை நம்பி வாக்குக் கொடுத்துடறேன்” என்று சிரித்தாள் அக்கா.

அக்காவும் அவள் கணவரும் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார்கள். போன வருடம் அவர் இறந்தார். கடையை விற்றுவந்த பணத்தைத் தம்பி வேலை செய்யும் ஃபண்டில் போட்டுவிட்டு, இரண்டு பெட்டிகளோடு தம்பி வீட்டுக்கு வந்தாள். இஸ்திரி மேசையும் பழைய சைக்கிளும் கிடந்த அறையில் அவளுக்குக் கட்டில் போட்டார்கள். மேசையை எடுத்துவிட்டார்கள். சைக்கிளுக்கு வேறு இடம் இல்லை. அக்கா அதன் மேல் துண்டு காயப்போட்டாள்.

அவன் மனைவி பாத்திரங்களை மூடியோடு வைப்பாள். அக்கா மூடிகளைத் தனியாக அடுக்குவாள். காலையில் ஒருத்தி வைத்ததை மாலையில் இன்னொருத்தி மாற்றினாள். இருவரும் ஒருமுறைகூடச் சண்டை போட்டதில்லை. போட்டிருந்தால் தேவலை என்று அவனுக்குத் தோன்றும்.

“அண்ணிக்கு வீடு அமைஞ்சதுல எனக்குத்தான் ரொம்ப சந்தோஷம்” என்றாள் மனைவி.

“தெரியுது” என்றாள் அக்கா. “நேத்திலேர்ந்து மூடியெல்லாம் நான் வச்ச இடத்துலயே இருக்கு.”

மனைவி சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்து நாளாகியிருந்தது.

*

அவன் வேலை செய்த நிறுவனம் பலரிடம் பணம் வாங்கிக் கம்பெனிகளின் கடன் பத்திரங்களில் போட்டது. பத்திரம் முதிர இரண்டு வருடம் ஆகும், மூன்று வருடம் ஆகும். பணம் போட்டவர் கேட்டால் ஒரே நாளில் திருப்பித் தருவதாக வாக்குறுதி. ஆகவே யாராவது கேட்டால் ஏதாவது ஒரு பத்திரத்தை விற்றுத்தான் கொடுக்க வேண்டும்.

ஒரு பொருளின் விலை வேறு, அதை விற்க முடிவது வேறு. அவன் வேலை இரண்டாவதைப் பற்றியது. எவ்வளவு சீக்கிரம் விற்கலாம், விற்கும்போது விலை எவ்வளவு சரியும் என்று அளப்பது. லிக்விடிட்டி என்று அறிக்கைகளில் எழுதுவார்கள். அலுவலகப் பேச்சில் ஓட்டம். இந்தப் பத்திரத்துக்கு ஓட்டம் உண்டா, இல்லையா.

அளவுமுறையை அவனே உருவாக்கினான். தினமும் காலையில் மூன்று புரோக்கர்கள் ஒவ்வொரு பத்திரத்துக்கும் இரண்டு விலை அனுப்ப வேண்டும். வாங்கும் விலை ஒன்று, விற்கும் விலை ஒன்று. இரண்டுக்கும் நடுவே இடைவெளி குறைவாக இருந்தால் அந்தப் பத்திரத்தை வாங்கவும் விற்கவும் ஆள் இருக்கிறார்கள் என்று பொருள். இடைவெளி அகன்றால் ஆள் குறைவு. குறைவுக்குப் பச்சை, நடுத்தரத்துக்கு மஞ்சள், அகலத்துக்குச் சிவப்பு. வெள்ளிக்கிழமை தோறும் நிறங்களுக்குக் கீழே அவன் கையெழுத்துப் போடுவான். சிவப்புப் பத்திரங்கள் மொத்தத்தில் கால் பங்கைத் தாண்டினால் ஃபண்ட் பணம் கொடுப்பதை நிறுத்தி வைக்க வேண்டும். அது விதி. அதுவரை ஒருமுறையும் நடந்ததில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு பெரிய கட்டுமானக் கம்பெனி வட்டி கட்டத் தவறியது. அதற்கும் ஃபண்டுக்கும் தொடர்பில்லை. ஆனாலும் சந்தை பயந்தது. அவன் திரையில் எல்லா இடைவெளிகளும் அகன்றன. பச்சைகள் மஞ்சளாயின. அரசாங்கப் பத்திரம்கூடக் கொஞ்சம் விலகியது.

கிடங்கு மட்டும் அசையவில்லை.

கிடங்கு என்பது சரக்குக் கிடங்குகள் கட்டி வாடகைக்கு விடும் ஒரு கம்பெனியின் பத்திரம். ஃபண்டில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் அதுதான். ஃபண்ட் அதற்கு வெளியிடும் மதிப்புக்கு மேலே ஐந்து காசில் விற்கும் விலை, கீழே ஐந்து காசில் வாங்கும் விலை. நேற்றும் அதே. போன மாதமும் அதே. அவன் பழைய பதிவுகளில் பின்னோக்கிப் போய்ப் பார்த்தான். பார்த்த வரைக்கும் அதே.

முதலில் அவனுக்குப் பெருமையாக இருந்தது. எவ்வளவு உறுதியான பத்திரம். பிறகு தண்ணீர் குடிக்க எழுந்துபோனான். திரும்பி வந்து மறுபடி பார்த்தான். காற்றடிக்கும்போது எல்லா மரமும் ஆடி, ஒன்று மட்டும் ஆடாமல் நின்றால், கிட்டே போய்த் தொட்டுப் பார்க்கத்தானே தோன்றும்.

*

பத்திரங்களை வாங்கி விற்கும் டீலர் அதே மாடியில், தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தாள். அவளை எல்லோரும் மைக்செட் என்பார்கள். அவள் காதோடு சொல்லும் ரகசியம் லிஃப்ட் வரைக்கும் கேட்கும்.

“என்ன தராசு, இந்தப் பக்கம்?” அவனுக்கு அவள் வைத்த பெயர் அது.

“கிடங்கு விலை அசையவே இல்ல மேடம்.”

“அசையாம இருந்தா உனக்கென்ன வலிக்குது?”

“இன்னிக்கு எல்லாம் அசைஞ்சிருக்கு. இது மட்டும் போட்டோவுக்கு நின்ன மாதிரி நிக்குது.”

மைக்செட் நாற்காலியைத் திருப்பினாள்.

“இதைக் கடைசியா எப்ப வித்தீங்க?” என்று கேட்டான்.

“விக்கிறதா? வாங்கித்தான் இருக்கேன். கம்பெனிகிட்டயே நேரா வாங்கினது.”

“ஒரு தடவைகூட வித்ததில்லையா?”

“விக்கச் சொல்லி யாரும் சொல்லலையே.” சொல்லிவிட்டு அவளே கொஞ்சம் யோசித்தாள். “இரு. கேட்டுடுவோம்.”

மூன்று புரோக்கர்களில் மூத்தவரை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டாள். அவளுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை என்பது வேறு விஷயம்.

“அண்ணே, கிடங்கு ஒரு லாட் இருக்கு. எடுத்துக்கிறீங்களா?”

மறுமுனையில் சிரிப்பு. “காலங்காத்தால ஏம்மா விளையாடுற?”

“நிஜமாத்தான் கேட்கிறேன்.”

“அதை யாரும்மா வாங்குவா?”

“வாங்கும் விலைன்னு நீங்கதானே இப்ப ஒண்ணு அனுப்பினீங்க.”

“நீங்க கேட்டீங்க, அனுப்பினோம். வாங்குறோம்னு சொன்னோமா?”

“அப்ப அந்த விலை எங்கேர்ந்து வந்துச்சு?”

“உங்க ஆபீஸ்லேர்ந்துதான். சாயங்காலம் வெளியிடுறீங்களே, கிடங்கு மதிப்பு இவ்வளவுன்னு. அதுக்கு மேல அஞ்சு காசு, கீழ அஞ்சு காசு. எங்க கம்ப்யூட்டர் தானாவே போட்டு அனுப்பிடும். நான் அதைப் பார்க்கிறதுகூட இல்ல.”

“மத்த ரெண்டு பேரு?”

“அவங்க மட்டும் என்ன, தோண்டியா எடுக்கிறாங்க?”

மைக்செட் இணைப்பைத் துண்டித்தாள். அவள் மெதுவாகப் பேசி அவன் அன்றுதான் முதல்முறை கேட்டான்.

“தராசு, சாயங்காலம் நீ வெளியிடற மதிப்பு எதுலேர்ந்து வருது?”

“அவங்க மூணு பேர் அனுப்பற விலையோட சராசரி.”

“நல்லா இருக்கு கதை. நீ அவங்களைப் பார்த்து எழுதற. அவங்க உன்னைப் பார்த்து எழுதறாங்க. பரீட்சையில இப்படி எழுதினா ரெண்டு பேரையும் எழுப்பி வெளியே அனுப்புவாங்க.”

அவன் தன் இடத்துக்குத் திரும்பினான். ஒருவர் பொய் சொன்னால் மற்ற இருவர் காட்டிக்கொடுப்பார்கள் என்றுதான் மூன்று பேரை வைத்திருந்தான். யாருமே பொய் சொல்லவில்லை. விலை கேட்கப்பட்டது, விலை கொடுக்கப்பட்டது. வாங்குவாயா என்று மட்டும் யாரும் யாரையும் கேட்கவில்லை.

அந்தப் பத்திரத்துக்கு ஓட்டம் குறைவு என்றுகூட அவனால் சொல்ல முடியாது. அதைப் பற்றி அவனுக்கு ஒன்றுமே தெரியாது. இத்தனை நாள் அதைப் பச்சையாக வைத்திருந்தான். அந்தப் பச்சையைக் காட்டித்தான் அக்காவிடம் ஒரே நாள் என்றான்.

*

ஃபண்டின் மேலாளர் ஆரஞ்சுப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். தோல் அறுபடாமல் ஒரே துண்டாக வர வேண்டும் அவருக்கு. உரித்து முடிக்கும்வரை அவன் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார்.

“சரி. என்ன பண்ணலாங்கிறீங்க?”

“ஒரு லாட் மட்டும் வித்துப் பார்க்கலாம் சார். என்ன விலைக்குப் போகுதோ அதுதான் அளவு.”

“தொண்ணூறுக்குப் போகுதுன்னு வைங்க. நூறு ரூபாப் பத்திரம்.”

“வச்சுக்கலாம்.”

“அப்ப மீதி இருக்கிறது எல்லாத்தையும் தொண்ணூறுன்னுதான் எழுதணும். ஃபண்டோட யூனிட் மதிப்பு அன்னிக்கே இறங்கும். அதைப் பார்த்து நாலு பேர் பணம் கேட்பாங்க. கொடுக்கிறதுக்கு இன்னும் விக்கணும். அது எண்பதுக்குப் போகும். மத்த எடத்துல காய்ச்சல் இருக்கான்னு பார்க்க தெர்மாமீட்டர் வைப்பாங்க. இங்க தெர்மாமீட்டர் வச்சாத்தான் காய்ச்சலே வரும்.”

அவர் சொன்னதில் அவனுக்குத் தப்பு எதுவும் தெரியவில்லை.

“அந்தக் கம்பெனி நல்ல கம்பெனி” என்றார் மேலாளர். “ஒரு தவணை வட்டி தவறினதில்ல. ரெண்டு வருஷத்துல முழுப் பணமும் வந்துடும். அதுவரைக்கும் எல்லாரும் ஒண்ணா வந்து கதவைத் தட்டாம இருந்தாச் சரி.”

“தட்டினா?”

“முதல்ல வர்றவங்களுக்கு நல்ல பத்திரத்தை வித்துக் கொடுப்போம். இப்பவும் அப்படித்தானே கொடுக்கிறோம்.”

“கடைசியில வர்றவங்களுக்கு?”

மேலாளர் ஒரு சுளையை நீட்டினார். “மாசக் கடைசி தாண்டட்டும். அடுத்த மாசம் உட்கார்ந்து பேசுவோம். நீங்க சொன்னதை நான் மறக்க மாட்டேன்.”

அவன் சுளையை வாங்கிக்கொண்டான். நல்ல இனிப்பு. அறைக்கு வெளியே வந்த பிறகுதான் மனம் லேசாகியிருப்பது தெரிந்தது. மாதக் கடைசியில் அக்கா முழுப் பணத்தோடு வெளியே போயிருப்பாள். அதற்காக அவன் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பேசாமல் இருந்தால் போதும். பேசாமல் இருக்கும்படி மேலதிகாரியே சொல்லிவிட்டார்.

வீட்டுக்குப் போகும் பேருந்தில் அவனுக்கு இன்னொன்றும் தோன்றியது. அக்காவுக்குக் கொடுப்பதற்காக ஒரு நல்ல பத்திரம் விற்கப்படும். உள்ளே தங்கிவிட்டவர்கள் ஒவ்வொருவரின் பங்கிலும் கிடங்கு இன்னும் கொஞ்சம் கனக்கும். போகிறவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. பார்த்தாலும் எதுவும் தெரியாது. எல்லாம் பச்சையாக இருக்கும்.

மனைவி இஸ்திரி மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணி போனதும் இதைப் பழைய இடத்துலயே போட்டுடலாம். நின்னுக்கிட்டுத் துணி தேய்க்கணும்னு இடுப்பு கேட்குது.” அவன் முகத்தைப் பார்த்தாள். “என்ன ஆச்சு?”

“ஒண்ணும் இல்ல.”

“ஒண்ணும் இல்லாத மூஞ்சியா இது?”

“ஆபீஸ்ல ஒரு கணக்கு சரியா வரல.”

“கணக்குதானே. நாளைக்கு வரும்” என்று அவள் மேசையின் கால்களைத் துடைக்கக் குனிந்தாள்.

*

வியாழக்கிழமை மாலை அக்கா அவனைப் புது வீட்டுக்கு அழைத்துப்போனாள். ஜன்னலை அளக்க வேண்டும், டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்றாள். வீட்டுக்காரர் சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவைத்திருந்தார்.

காலி அறைகளில் பேச்சு எதிரொலித்தது. சுவரில் முன்பு இருந்தவர்களின் நாட்காட்டி தொங்கிய ஆணி. அக்கா அதைத் தொட்டுப் பார்த்து, “இதைப் பிடுங்க வேண்டாம், எனக்கும் வேணும்” என்றாள்.

அவன் சமையலறைக் குழாயைத் திறந்தான். தண்ணீர் தடிமனாக விழுந்தது. அதை மூடாமல் குளியலறைக் குழாயைத் திறந்தான். பிறகு கழிவறையில், பிறகு பின்கட்டில் துணி துவைக்கும் இடத்தில். சமையலறைக்குத் திரும்பி வந்தபோது தண்ணீர் நூலாகியிருந்தது.

“என்னடா பண்ற?” அக்கா பின்னால் வந்து நின்றாள்.

“பார்க்கிறேன்.”

“எல்லாக் குழாயையும் ஒரே நேரத்துல எவன்டா திறப்பான்? நான் ஒருத்திதானே இருக்கப்போறேன்.”

அவன் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தான். சமையலறையில் தண்ணீர் மறுபடியும் தடித்தது.

ஜன்னலுக்கு அருகில் அவன் டேப்பின் முனையைத் தரையில் அழுத்திப் பிடித்தான். அக்கா நாற்காலி இல்லாததால் எம்பி நின்று மேல் முனையைப் பிடித்தாள்.

“தம்பி, நாளைக்கே பணத்தை எடுத்து பேங்க்ல வச்சிடட்டுமா? கடைசி நேரத்துல ஓட வேண்டாமே.”

அவன் குனிந்தபடியே இருந்தான். சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் காரணம்கூடக் கேட்க மாட்டாள். ஃபண்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தவன் வீட்டாரிடம் எடு என்றோ போடு என்றோ சொல்லக் கூடாது. வேலையில் சேர்ந்த அன்று அவன் கையெழுத்துப் போட்ட முதல் விஷயம் அது. அன்று அது சம்பிரதாயமாகத் தெரிந்தது.

“அது உன் இஷ்டம்க்கா.”

“என் இஷ்டம் இருக்கட்டும். நீ என்ன சொல்ற?”

“நான் எதுவும் சொல்லக் கூடாது.”

“ஐயோ, பெரிய மந்திரி. ரகசியப் பிரமாணம் எடுத்திருக்காரு.” அக்கா டேப்பைச் சுருட்டினாள். “சரி விடு. முந்தின நாள் போதும்னு நீதானே சொன்னே. அதுவரைக்கும் வர்ற வட்டி திரைச்சீலை தைக்கிற கூலிக்கு ஆகும். கூலி என்ன கூலி, நான்தானே தைக்கப்போறேன்.”

திரும்பும் வழியில் துணிக்கடையில் நீலத்துணி எடுத்தாள். கடைக்காரர் கத்தரிக்கோலை வைத்ததும், “ஒருவேளை அளவு சரியில்லைன்னா திருப்பி எடுத்துக்குவீங்களா?” என்று கேட்டாள்.

“வெட்டினா உங்களுதும்மா” என்றார் கடைக்காரர். கத்தரிக்கோலை நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தார்.

“வெட்டுங்க” என்றாள் அக்கா.

*

வெள்ளிக்கிழமை காலை மைக்செட் தடுப்பைத் தாண்டி வந்தாள்.

“நேத்து ஒரு பெரிய ஆள் மொத்தமா வெளியே போயிட்டாரு. இருந்ததுல நல்லதாப் பார்த்து வித்துக் கொடுத்தேன். மீதி இருக்கிறதுல இப்பக் கிடங்கு கால் பங்குக்கு மேல. உனக்குத் தெரியட்டும்னு சொன்னேன்.”

அவன் திரையைத் திறந்தான். மூன்று புரோக்கர்களின் விலைகளும் வந்திருந்தன. மேலே ஐந்து காசு, கீழே ஐந்து காசு. அளவுமுறைப்படி பச்சை. பச்சை போட்டுக் கையெழுத்திட்டால் யாரும் அவனைக் குற்றம் சொல்ல முடியாது. முறையை அங்கீகரித்த குழு உண்டு, மூன்று புரோக்கர்களின் விலைகள் உண்டு, மேலாளரின் வார்த்தை உண்டு.

சிவப்பு போடலாமா என்று பார்த்தான். சிவப்புக்கும் ஓர் இடைவெளி வேண்டும். அவனிடம் அது இல்லை. சிவப்பு என்று எழுதினால் அதுவும் பார்க்காமல் எழுதியதாகத்தான் இருக்கும்.

நிறத்தை அழித்தான். அந்தக் கட்டத்தில் ‘அளக்க முடியவில்லை’ என்று எழுதினான்.

அளக்கப்படாதது சிவப்பாகவே கொள்ளப்படும். அந்த விதியையும் எழுதியவன் அவன்தான். சோம்பேறிகள் கட்டங்களைக் காலியாக விட்டுவிடக் கூடாது என்பதற்காக எழுதியது.

மைக்செட் அவன் தோளுக்கு மேல் படித்தாள்.

“கையெழுத்துப் போட்டா என்ன ஆகும்னு தெரியும்ல?”

“தெரியும் மேடம்.”

“உங்க அக்கா பணம் இதுலதானே இருக்கு?”

“இதுலதான்.”

“எங்க மாமியார் பணமும்தான் இருக்கு. நான்தான் போடச் சொன்னேன். இனி சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவாங்க.” பெருமூச்சு விட்டாள். “அவங்க சாகுற வரைக்கும் இல்ல. நான்.”

அவன் கையெழுத்துப் போட்டான்.

மதியம் மேலாளர் கூப்பிட்டார். மேசையில் பழம் இல்லை.

“பச்சை போட்டிருந்தா அது பொய்யில்லையே” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது.

“பொய்யில்ல சார். ஆனா அளவும் இல்ல.”

“ரெண்டு வருஷத்துல முழுசா வந்திருக்கும்.”

“வந்திருக்கலாம். நீங்க சொன்னது தப்புன்னு இப்பவும் எனக்குத் தோணல.”

“அப்புறம் ஏன்?”

“தெரியும்னு கையெழுத்துப் போடச் சொல்றீங்க சார். எனக்குத் தெரியல.”

மேலாளர் அவனைப் பார்த்துவிட்டு, குழுவைக் கூட்டச் சொல்லித் தொலைபேசியை எடுத்தார்.

திங்கட்கிழமை குழுவினர் ஒரு லாட் விற்கச் சொன்னார்கள். மைக்செட் மூன்று புரோக்கர்களையும் வரிசையாக அழைத்தாள். ஒருவர் சிரித்தார். ஒருவர் மீட்டிங்கில் இருந்தார். மூன்றாமவர் நாளைக்குச் சொல்கிறேன் என்றார். அதுவரை யாரும் வியாபாரம் செய்திராத நான்காவது ஒருவர் எழுபது என்றார். அவள் எழுபத்திரண்டுக்கு ஏற்றினாள். வாங்கியவர் நன்றி சொன்னார். அவள் சொல்லவில்லை. அவள் பேசியது தடுப்புக்கு இந்தப் பக்கம் யாருக்கும் கேட்கவில்லை.

அவன் எழுபத்திரண்டு என்று பதிந்தான். அந்தப் பத்திரத்தைப் பற்றி அவனுக்குத் தெரிந்த முதல் உண்மை அது.

*

ஃபண்ட் பணம் கொடுப்பதை நிறுத்திய செய்தி அக்காவுக்குப் போவதற்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று செவ்வாய்க்கிழமை பாதி நாளில் கிளம்பினான். செய்தி முந்திக்கொண்டது.

அக்கா கட்டிலில் உட்கார்ந்து திரைச்சீலைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். போன் சைக்கிள் இருக்கையின் மேல் இருந்தது. மறு அறிவிப்பு வரும்வரை பணம் திருப்பி அளிக்கப்பட மாட்டாது என்ற வரி திரையில் தெரிந்தது.

“இது உங்க ஆபீஸ்லேர்ந்துதானே?”

“ஆமாக்கா.”

“வேற யாருக்கோ போக வேண்டியது எனக்கு வந்துடுச்சோன்னு பார்த்தேன்.”

“இல்ல.”

“உனக்கு எப்பத் தெரியும்?”

“போன வாரம்.”

“வீட்டுக்குப் போனோமே, அப்ப?”

“அப்பவே தெரியும்.”

“நான் கேட்டேன்ல.”

“கேட்ட.”

ஊசி துணிக்குள் போய் வெளியே வந்தது.

“யாரு நிறுத்தினது?”

“விதிப்படி நின்னுடுச்சு. ஆனா நான் ஒரு கட்டத்துல பச்சை போட்டிருந்தா நின்னிருக்காது. நான் போடல.”

“போட்டிருந்தா?”

“மாசக் கடைசியில உனக்கு முழுசா வந்திருக்கும்.”

“அப்புறம் ஏன்டா?”

“உனக்குப் பின்னாடி கேட்கிறவங்களுக்கு வந்திருக்காது.”

“அவங்க யாரு?”

“தெரியாது.”

“எனக்கும் தெரியாது.” அக்கா தையலை மடியில் வைத்தாள். “நான் உன் பக்கத்து ரூம்ல இருக்கேன்டா.”

அவன் நின்றுகொண்டே இருந்தான். உட்கார வேண்டும் என்றால் கட்டிலில்தான் உட்கார வேண்டும்.

“எவ்வளவு நாள் ஆகும்?” என்று கேட்டாள்.

“தெரியாதுக்கா. கொஞ்சம் சீக்கிரம் வரும். மீதி எப்ப வரும்னு தெரியாது.”

“நீதானே அளக்கிறவன்.”

“அதனாலதான் சொல்றேன்.”

மனைவி கதவருகில் வந்து நின்றிருந்தாள். “அண்ணி, சாப்பிட வாங்க” என்றாள். அக்கா மறுபடி ஊசியை எடுத்தாள். மனைவி அவனைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தான். திட்டவில்லை. கூடத்தில் நடுவழியில் கிடந்த இஸ்திரி மேசையை மடித்துச் சுவரில் சாய்த்தாள்.

அக்கா வீட்டுக்காரருக்கு அவளே போன் செய்தாள். வேறு ஆள் காத்திருப்பதாக அவர் சொன்னார். பரவாயில்லை என்று இரண்டு முறை சொன்னாள். போனை வைத்த பிறகு ஒருமுறை சொன்னாள்.

அவனோடு பேசவில்லை. காலையில் அவன் மூக்குக்கண்ணாடியைத் தேடினால், எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள். மைக்செட் அலுவலகத்தில் நலம் விசாரித்தாள். “எங்க வீட்ல ஆரம்பிச்சாச்சு. உங்க வீட்ல?” “பேசறதில்ல மேடம்.” “கொடுத்து வச்சவன்” என்றாள், சிரிக்காமல்.

சமையலறையில் மூடிகள் தனியாக அடுக்கப்பட்டிருந்தன. அக்கா எழுவதற்கு முன்னாலேயே அப்படி இருந்தன. அடுக்கியது மனைவி என்று அவனுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அவன் சைக்கிளைத் தூக்கி வெளியே வராந்தாவில் வைத்தான். மழையில் நனையும், நனையட்டும். கையைத் துடைத்துக்கொண்டு அறைக்குத் திரும்பியபோது அக்கா நாற்காலியில் ஏறி ஜன்னலில் நீலத்திரையை மாட்டிக்கொண்டிருந்தாள். இந்த ஜன்னல் குட்டை. திரை பாதிக்கு மேல் மிஞ்சி ஜன்னலுக்குக் கீழே தரைவரை தொங்கியது.

“ரொம்ப நீளமா இருக்கே” என்றான். “அளவு எடுத்து வெட்டிடலாமா?”

“வெட்டாதே.”

அக்கா நாற்காலியிலிருந்து இறங்கினாள். அவன் முகத்தைப் பார்க்காமல் திரையின் ஓர் ஓரத்தைப் பிடித்து மேலே மடித்தாள். “அந்த ஜன்னலுக்கு அளந்தது. மடிச்சுத்தான் வைக்கப்போறேன்.”

அவன் மண்டியிட்டு அடுத்த ஓரத்தை அதே அளவுக்கு மடித்துப் பிடித்தான். சரியாக இருக்கிறதா என்று அவள் பார்த்தாள். கொஞ்சம் இறக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். இறக்கினான்.

அக்கா ஊக்கை நீட்டினாள்.